சதுரகிரி ஏறப் போற தங்கச்சிக்கு

தை அமாவாசைக்கு சதுரகிரி மலைக்கோயிலுக்கு வர்றேன்னு நீ போன்ல சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கச்சி. முந்தின நாளே மடவார் வளாகத்துக்கு வந்துடு. வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுட்டு நேரத்தோட படுத்துடு. ராத்திரி பஸ்ல வந்து இறங்கி, தூங்காத உடம்போட ஏறுற மலை இல்லை இது.

உன் ஆபீஸ் பிள்ளைங்க உத்தராகண்ட்ல கேதார்காந்தா ஏறினாங்கன்னு சொன்னியே, 12,500 அடி உயரம், குளிர்காலத்துல முழுக்க வெண்பனி. அங்க விடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே கிளம்பிடுவாங்க. வெயில் ஏறினா பனி இளகி, கால் புதையும். நம்ம மலையில வெறும் தைப்பனிதான். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது இங்கயும் அதே அளவுக்கு முக்கியம். அடிவாரத்துத் தாணிப்பாறையில இருந்து நாம ஏறுறது மலையோட கிழக்குப் பக்கம். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி சீக்கிரமே இறங்கிடும். கீழ வத்திராயிருப்பு தெருவுல வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள்ள இருட்டிடும். அதனால எத்தனை மணிக்குத் திரும்பணும்னு அடிவாரத்துலயே முடிவு பண்ணிடு. கோயில் இன்னும் கொஞ்ச தூரம்தான்னு யார் சொன்னாலும் அந்த மணியை மாத்தாதே. இது புலிகள் காப்பகம். வனத்துறை எப்போ விடுறாங்க, எப்போ இறங்கச் சொல்றாங்கன்னு முதல் நாளே விசாரிச்சுக்கோ.

நான் ஒரு வருஷம் மலை மேல சந்தன மகாலிங்கம் சன்னதியில நேரம் போனதே தெரியாம உட்கார்ந்துட்டேன். வழுக்குப்பாறைக்கு வந்து சேரும்போது நல்லா இருட்டிடுச்சு. அந்தப் பாறை ஏறும்போது தொடக்கத்துலயே வரும், கால்ல தெம்பு இருக்கும், தெரியாது. இறங்கும்போது கடைசியில வரும். எத்தனையோ பேர் மிதிச்சு மிதிச்சு, அரைச்சுக் கழுவின அம்மி மாதிரி வழவழன்னு இருக்கும். மேல பனி ஈரம் வேற. சறுக்கி விழுந்து கையை ஊன்றினதுல மணிக்கட்டு வீங்கி, ஒரு மாசம் இடது கையாலதான் குழம்பு கிண்டினேன்.

அதனால இறங்கும்போது குதிச்சுக் குதிச்சு வராதே, முட்டி போயிடும். பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டா வெச்சு, முழுசா ஊன்றி இறங்கு. கையில ஒரு கம்பு கட்டாயம். கால் நகத்தை ரெண்டு நாள் முன்னாடியே வெட்டிக்கோ. இல்லாட்டி இறக்கத்துல விரல் ஷூவுல இடிச்சு ரத்தம் கட்டிடும்.

காலையில குளிருதுன்னு ஸ்வெட்டரோடவே ஏறாதே. கால் மணி நேரத்துல வேர்க்கும். கழற்றிப் பையில வெச்சுட்டு, எங்கயாவது உட்கார்ந்ததும் முதல் வேலையா போட்டுக்கோ. வேர்வையில நனைஞ்ச பருத்தித் துணி மலைக்காத்துல உடம்பை விறைக்க வெச்சுடும். மாத்திக்க ஒரு காய்ஞ்ச சட்டை எடுத்துக்கோ. குளிர்ல தாகம் தெரியாது, அதுக்காகத் தண்ணி குடிக்காம இருக்காதே. பிளாஸ்டிக் பாட்டிலை வனத்துறை சோதனையில எடுத்துடுவாங்க, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். சாப்பாட்டை நிறையக் கட்டிட்டுப் போனா குரங்குங்க பையை விடாது.

வழியில குறுக்க வர்ற ஓடை விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா சொல்றேன். 2015 மே மாசம் திடீர்னு வந்த காட்டாற்று வெள்ளத்துல பக்தர்கள் உயிரே போயிருக்கு. நீ நிக்கிற இடத்துல தூறல்கூட இல்லாம இருக்கலாம், மேல பெய்ஞ்சிருக்கும். தண்ணி கலங்கி, சருகும் குச்சியும் அடிச்சிட்டு வந்தா கால் வைக்காதே. இந்தக் கரையிலயே உட்காரு. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி.

மேல சிக்னலை நம்ப முடியாது. டார்ச்சை மறக்காதே. தாணிப்பாறைக்கு இறங்கி வந்ததும் டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிடு.