குண்டனி நாட்டிலிருந்து சினிமா படிக்கப் போகிறவர்களுக்கு

"சினிமா படிக்கணும்" என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால், கொல்லிமலைக் குண்டனி நாட்டில் எந்த வீட்டிலும் முதலில் வருவது கேள்விதான்: "அதைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவே?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் தேடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சென்னையில் இல்லை, மலை மேலேயே இருக்கின்றன.

எது பட்டம், எது பட்டமில்லை

முதலில் வழிகளைப் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சினிமாவுக்கென்றே இருக்கும் அரசுக் கல்லூரி, தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பழைய ஆட்களுக்கு அது 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்'. 1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. மத்திய அரசின் புனே திரைப்பட நிறுவனம் வந்ததே 1960இல்தான். பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன், நாசர் எல்லாரும் இங்கிருந்து போனவர்கள். 1986இல் வந்த 'ஊமை விழிகள்' இந்த மாணவர்கள் கூடி எடுத்த படம். முன்பு டிப்ளமோ கொடுத்தார்கள். இப்போது நான்காண்டு பி.வி.ஏ. (காட்சிக்கலை இளங்கலை) பட்டம், இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும், டிஜிட்டல் இன்டர்மீடியட், அனிமேஷன் எனத் தனித்தனிப் பிரிவுகள். இடங்கள் சொற்பம்.

இரண்டாவது, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்). மூன்றாண்டு பி.எஸ்சி. சென்னை லயோலாவிலும் கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் இருக்கிறது, வேறு பல தனியார் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஓவியம், போட்டோகிராபி, விளம்பரம், பத்திரிகை, டிவி என்று எல்லாவற்றையும் தொட்டுப் போகும் படிப்பு இது. சினிமா அதில் ஒரு பங்குதான். முழுக்க சினிமா என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே முகம் சுளிப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ வரலாறோ படித்துவிட்டு, அதன் பிறகு புனேவுக்கோ கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்துக்கோ நுழைவுத்தேர்வு எழுதுவது. அங்கே முக்கியமான படிப்புகளுக்கு ஏதோ ஒரு பட்டம் கேட்பார்கள், அது சினிமாப் பட்டமாக இருக்கத் தேவையில்லை. குண்டனி நாட்டு மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாநில அரசுக் கல்லூரிகளில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு 1 சதவீதம். புனே, கொல்கத்தா போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் 7.5 சதவீதம். என்னைக் கேட்டால், கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த மூன்றாவது வழிதான் நல்லது. ஒரே இடைஞ்சல் ஆங்கிலம். கேள்வித்தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது அந்த மூன்று வருஷத்தில் ஆங்கிலம் பழகியாக வேண்டும்.

இந்த மூன்றிலும் சேராத 'சினிமா அகாடமி'கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? பதில் சுற்றி வளைத்து வந்தால் அது சான்றிதழ்ப் படிப்பு. அதை வைத்து, பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுத முடியாது, புனேவின் முக்கியமான படிப்புகளுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பிளஸ் ஒன்னிலேயே பார்க்க வேண்டியது

தரமணிக் கல்லூரியில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கேட்பது வழக்கம். இயக்கம், படத்தொகுப்பு என்றால் எந்த குரூப்பும் போதும். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அந்த வருஷ அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும்போது எல்லாரும் இயக்கத்துக்குத்தான் ஓடுகிறார்கள். ஒலியையும் படத்தொகுப்பையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். படம் கிடைக்காத நாளில் சீரியல், விளம்பரம், யூடியூப் சேனல், ஏன் நாமக்கல் கல்யாண வீடியோகூட எடிட்டருக்குச் சோறு போடும். உதவி இயக்குநருக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதிலும் இதுதான்.

எஸ்.டி. சர்டிபிகேட்

இதை ஒத்திப்போடாதீர்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் கொடுப்பார். விசாரணை உண்டு, அதனால் நாள் பிடிக்கும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சேலம், தருமபுரி, தென்னாற்காடு, வட ஆற்காடு என்று பழைய மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கிறது. நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. வெளியூர்க் கல்லூரி அலுவலகத்தில் யாராவது 'நாமக்கல் பெயர் இல்லையே' என்று இழுத்தால் இந்த விவரத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா, பெரியப்பா வீட்டில் ஏற்கெனவே வாங்கிய சான்றிதழ் இருந்தால் நகல் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இவற்றையும் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே முடித்து வையுங்கள். முடிவு வந்த வாரத்தில் செம்மேட்டுக்கும் நாமக்கல்லுக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கடைசித் தேதி போய்விடும்.

மலையில் இருந்துகொண்டே செய்யும் பயிற்சி

சினிமாக் கல்லூரி நேர்காணலில் 'உனக்குப் பிடித்த படம் எது, ஏன்' என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். 'கதை நல்லா இருந்துச்சு சார்' என்பது பதிலாகாது. ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நமக்குத் தோது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் மனிதரின் கதை. அதில் அவர் நடக்கிற ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை முறை ஷாட் மாறுகிறது என்று எண்ணுங்கள். கேமரா அவருக்கு முன்னால் போகிறதா, பின்னாலா, தூரத்தில் நிற்கிறதா என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் அதே காட்சியைக் காதால் மட்டும் கேளுங்கள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'லையும் இதே மாதிரி பார்க்கலாம். 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம். அரிட்டாபட்டிப் பக்கத்து வெயிலில் ஒரு அப்பாவும் மகனும் நடப்பதுதான் கிட்டத்தட்ட முழுப் படமும். அதை எடுத்தவர் எந்த சினிமாக் கல்லூரிக்கும் போகாதவர் என்பதையும் தெரிந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்து, ஒரு சின்னப் படம். செல்போன் போதும். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பதை எடுங்கள். வசனம் வேண்டாம், சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். ஐந்து ஷாட்தான்: தூரத்தில் மரமும் ஆளும், ஏணியில் ஊன்றும் பாதம், கொத்தைக் கிள்ளும் விரல், இடுப்புப் பை கனத்துத் தொங்குவது, களத்தில் காயப் போட்ட மிளகு. ஒவ்வொன்றையும் போனை ஆட்டாமல் பத்து விநாடி பிடியுங்கள். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கொத்து ஒடியும் ஓசை கேட்க வேண்டுமென்றால் போனைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். அப்போதுதான் தெரியும், படத்தில் பாதி வேலை காதுக்கு என்று. நேர்காணலுக்குப் போகும்போது கையில் காட்ட இது இருந்தால் பேச்சு தானாக வரும்.

படிக்கவும் வேண்டும். பாலு மகேந்திரா தன் பட்டறை மாணவர்களைச் சிறுகதை படிக்க வைத்துத்தான் பழக்கினார். சன் டிவியில் வந்த அவருடைய 'கதை நேரம்' முழுக்கச் சிறுகதைகளிலிருந்து எடுத்ததே. நூலகத்தில் ஒரு தொகுப்பை எடுத்து, ஒரு கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமா வரலாறு பற்றி எழுதியவை கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

காசு

அரசுப் பள்ளியிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். வீட்டு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. தங்குவதற்கு அரசு விடுதி. தனியார் கல்லூரியில் நிஜமான செலவு கட்டணத்தில் மட்டும் இல்லை: கேமரா வாடகை, ஹார்ட் டிஸ்க், புராஜெக்டுக்கு நண்பர்களுக்கு வாங்கித் தரும் சாப்பாடு. சேரும் முன் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து இதை மட்டும் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு

மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எல்லாரும் மணிரத்னத்தை எடுக்கும்போது நீங்கள் மலைக்குத் திரும்பி வாருங்கள். உங்கள் தாத்தா, பாட்டி முதன்முதலில் படம் பார்த்தது எந்தக் கொட்டகையில்? மலை இறங்கி நடந்தே போனார்களா, இரவு எங்கே தங்கினார்கள், என்ன படம்? சேந்தமங்கலம், ராசிபுரம் கொட்டகைகளைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) அவர்கள் தயாரிப்பு, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையது. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்க தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கும் அதே பேட்டைதான்.

பட்டம் முடிந்ததும் புனே தவிர இன்னொரு கதவும் உண்டு. வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை-பண்பாடு ஆய்வகம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளையும் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளையும் தேடி எடுத்து, தங்கும் இடமும் சாப்பாடும் கொடுத்து இலவசமாகக் கற்றுத் தருகிறது. தேர்வு பல கட்டமாக நடக்கும், வயது வரம்பும் உண்டு. அரியர் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் இழுத்தவர்கள் அங்கே விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம்.