எந்தக் காந்தத்தில் நிற்கும்?



மூன்று காந்தங்களைச் சமபக்க முக்கோணமாகப் பலகையில் வைத்து, அவற்றுக்குச் சற்று மேலே நூலில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டை ஒருபுறம் இழுத்து, தள்ளாமல் விட்டால், அது அங்குமிங்கும் அலைந்து, காற்றின் தடையால் தளர்ந்து, ஈற்றில் ஏதேனும் ஒரு காந்தத்தின்மேல் நிற்கும். எந்தக் காந்தத்தின்மேல்?

இதை முடிவு செய்வது விதியே. தலைவிதி அன்று, நியூற்றனின் விதி. அதே புள்ளியிலிருந்து மீண்டும் விட்டால் அதே முடிவே கிட்டும். ஆயினும் அந்த 'அதே புள்ளி'யை நம் கை எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொள்ளும்?

தொடங்கும் புள்ளி ஒவ்வொன்றுக்கும், அது சென்றடையும் காந்தத்தின் நிறத்தைக் கணினியால் தீட்டலாம். ஒரே நிறப் பரப்பை அக்காந்தத்தின் ஈர்ப்பு வடிநிலம் என்போம். மலையில் விழும் மழை எந்த ஆற்றைச் சேரும் என வகுப்பது போன்றது இது. ஆனால் மலைமுகடு ஒரு கோடு. இப்படத்தில் பல இடங்களில், பல மடங்கு பெருப்பித்துப் பார்த்தாலும், மூன்று நிறங்களும் பின்னிக் கிடக்கும்.

இத்தகைய எல்லைகளுக்கு 1983 இல் கிரெபோகி, மக்டொனால்ட், ஒட், யோர்க் ஆகியோர் ஓர் அடுக்கெண்ணைக் கண்டனர். முடிவு ஐயமாயுள்ள புள்ளிகளின் பங்கு, அளவீட்டு வழுவின் அடுக்காக மாறும். அடுக்கு 1 எனில் வழு பாதியானால் ஐயமும் பாதியாகும். அடுக்கு 0.1 எனில், ஐயத்தைப் பாதியாக்க வழுவை 1024 இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்! விதியை அறிந்தவர் முடிவையும் அறிவார் என்ற துணிவு இங்கே தளர்கிறது.

2016 இல் ஸ்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர் சிலர் வேறோர் அளவை தந்தனர். படத்தைச் சிறு கட்டங்களாக்கி, கட்டத்துக்கு 25 புள்ளிகளைச் சோதிப்போம். ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் அப்பங்கின் இயற்கை மடக்கையாற் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் வருவது அக்கட்டத்தின் எந்திரப்பி. ஒரே நிறமெனில் 0. மூன்றும் சமமெனில் ஏறத்தாழ 1.099. எல்லாக் கட்டங்களின் சராசரியே வடிநில எந்திரப்பி. சீரான எல்லைக்கோட்டில் பெரும்பாலும் இரு நிறங்களே சந்திக்கும். இரு நிறங்கள் தரக்கூடிய உச்சம் 0.693. எனவே எல்லைக் கட்டங்களின் சராசரி இதனைத் தாண்டினால், எல்லை சீரான கோடன்று எனத் துணியலாம்.

வீட்டில் செய்க: ஒரு கட்டத்தில் 15 சிவப்பு, 5 நீலம், 5 பச்சை. விடை 0.95 வரவேண்டும். பெற்றோரும் முயலலாம், பழைய மடக்கை அட்டவணையை எடுப்போர் இறுதியில் 2.303 ஆற் பெருக்குக.