முறையற்ற கேள்விக்கு முறையான விடை

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். பேச்சை மனப்பாடம் செய்விக்கிறோம். கையசைவும் சொல்லிக் கொடுக்கிறோம். பேசி முடிந்தபின் நடுவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் பழக்குவதில்லை. நடுவர் முறைதவறிக் கேட்டால் பிள்ளை திகைத்து நிற்கிறது. மறு வருஷம் மேடைப் பக்கமே வர மறுக்கிறது. நஷ்டம் வெற்றிக் கிண்ணம் மட்டுமன்று. ஒரு பேச்சாளரையே இழக்கிறோம்.

சபையில் கேள்வி எழுவது தமிழுக்குப் புதிதன்று. நூல் அரங்கேற்றத்தில் சபையோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், தம் ஆசிரியர் கடிகைமுத்துப் புலவருக்காக, வாதுக்கு வந்த வடநாட்டுப் புலவரை எட்டயபுரம் அரசவையில் 16 வயதிலேயே வென்றார் என்று வழிவழியாகச் சொல்வர். திருக்குறளில் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. சபையில் அஞ்சாது விடை கூறுவதற்காகத் தர்க்க முறையைக் கற்க வேண்டுமென்பது அதிலுள்ள ஒரு குறளின் கருத்து. ஆகவே இது கற்றுக் கொடுக்கக் கூடியதே.

முறையற்ற கேள்வி பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, குற்றத்தை உள்ளே வைத்துக் கேட்பது. “பருப்பில் எத்தனை நாளாகக் கல் கலக்கிறீர்?” என்று ஒருவர் கேட்டால் நாம் நாள் கணக்கா சொல்வோம்? “கலப்பதே இல்லை, அள்ளிப் பாருங்கள்” என்போம். “இளைஞர்கள் தாய்மொழியை ஏன் வெறுக்கிறீர்கள்?” என்றால் பிள்ளையும், “வெறுக்கிறோம் என்பதை நான் ஒப்பவில்லை, ஐயா, பழகும் வாய்ப்புத்தான் குறைவு” என்று சொல்லட்டும்.

இரண்டு, தலைப்புக்கு அப்பாற்பட்டது. வீட்டுச் சிக்கனம் பேசிய பிள்ளையிடம் நாட்டின் வரவு செலவைக் கேட்பது போன்றது. “அது எனக்குத் தெரியாது, ஐயா, வீட்டளவில் ஒன்று சொல்கிறேன்” எனலாம். இல்லாத சரக்கை இருக்கிறதென்று சொல்வதுதான் குறை.

மூன்று, ஆளைத் தாக்குவது. “தோட்டத்துப் பிள்ளைக்கு இத்தனை தமிழா? யார் எழுதிக் கொடுத்தது?” ஈப்போவைச் சுற்றிய பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சுருக்கென்று தைக்கும். “ஆசிரியர் திருத்தினார், கருத்து என்னுடையது. எந்தப் பகுதியைக் கேட்டாலும் விளக்குகிறேன்” என்று அமைதியாகச் சொன்னால் போதும். அப்படிச் சொல்வதற்குக் கருத்து உண்மையிலேயே பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். முழுப் பேச்சையும் நாமே எழுதிக் கொடுத்துவிட்டு நடுவரை நோவதில் பயனில்லை.

கடை அடைத்தபின் தினம் பத்து நிமிஷம் நீங்களே நடுவராக உட்காருங்கள். ஏறுமாறாகக் கேளுங்கள், ஆனால் கேலி செய்யாதீர்கள். கேள்வி முடியும்வரை கேட்டு, ஒரு மூச்சு விட்டு, மூன்று வாக்கியத்தில் விடை சொல்லப் பழக்குங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாமென்பதையும் சொல்லி வையுங்கள்.

மேடையில் பிள்ளை நடுவரோடு மல்லுக்கு நிற்கலாகாது. அநியாயம் நடந்தால் ஏற்பாட்டாளரிடம் எழுத்து மூலம் முறையிடுவது பெரியவர்கள் கடமை. அதை நாம் செய்வோமென்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அது மேடையில் நிதானமாக நிற்கும்.