காரணம் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் உள்ள மற்ற கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் பாத்திரம் சரியாக அமையவில்லை, அவன் ஏன் கெட்டவன் ஆனான் என்று இளங்கோ காட்டவே இல்லை என்று. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

சினிமா பழக்கிய பழக்கம் இது. இடைவேளைக்குப் பிறகு வில்லனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். சின்ன வயதில் அவன் அப்பாவை யாரோ நடுத்தெருவில் அவமானப்படுத்தியிருப்பார்கள். 'அதுதானே பார்த்தேன்' என்று நாமும் நாற்காலியில் சாய்ந்துகொள்வோம். காரணம் கிடைத்தால் தீமை புரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. தமிழ் படிக்கிற நீயும் அதையே கேட்டால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

காரணம் கொடுத்த கவிகள் இல்லாமல் இல்லை. வான்மீகி சொல்லாத காரணம் ஒன்றைக் கம்பன் கூனிக்குச் சேர்த்தான். சிறுவயதில் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள்மேல் எய்தான், அவள் மறக்கவில்லை. சரி, கணக்குப் பார். ஒரு மண்ணுருண்டைக்கு வட்டி பதினான்கு ஆண்டு வனவாசமும் ஒரு தகப்பனின் சாவுமா? காரணம் இருக்கிறது, ஆனால் அது செயலின் கணுக்காலைக்கூட எட்டவில்லை. கம்பன் தெரிந்தே இப்படிச் செய்தான் என்பது என் கட்சி.

1604இல் மேடையேறிய 'ஒத்தெல்லோ'வில் இயாகோ காரணங்களை வாரி இறைக்கிறான். தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்கிறான். தன் மனைவிக்கும் ஒத்தெல்லோவுக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு என்கிறான். அதை அவனே நம்புகிறானா என்பது சந்தேகம். இவன் காரணத்தால் கெடுதல் செய்பவன் அல்லன், கெடுதலுக்குக் காரணம் தேடுபவன் என்பதைக் கோல்ரிட்ஜ் கண்டுசொன்னார். பிடிபட்ட பிறகு ஏன் செய்தாய் என்று கேட்டால் இயாகோ வாயை இறுக மூடிக்கொள்கிறான். ஷேக்ஸ்பியரும் நமக்கு அதற்குமேல் எதுவும் தரவில்லை.

இனி நம் பொற்கொல்லன். இயாகோவிடமாவது வெறுப்பு இருக்கிறது. இவனிடம் அதுவும் கிடையாது. கோப்பெருந்தேவியின் சிலம்பை இவன் முன்பே திருடி வைத்திருக்கிறான். அது வெளிப்படுமுன் பழியைச் சுமக்க ஒரு தலை வேண்டும். ஊருக்குப் புதியவன் ஒருவன் சிலம்போடு தானே வந்து எதிரில் நிற்கிறான். கோவலன்மேல் இவனுக்குப் பகை இல்லை, பொறாமை இல்லை. வசதியாக வந்தான், அவ்வளவுதான். உலக இலக்கியத்தில் இவனைவிட என்னை அச்சுறுத்திய தீயவன் வேறு யாருமில்லை. நீ மறுப்பாய்; மறு.

கொலைக்களக் காதையைக் கதைச் சுருக்கத்தில் படிக்காதே. கையில் நூலை எடுத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார். கூத்துப் பெண்களிடம் அரசன் மனம் போயிற்று என்று தேவிக்கு ஊடல். தலைநோவு என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில்தான் பாண்டியன் பொற்கொல்லனைப் பார்க்கிறான். அவசரத்தில் இருக்கிற கணவனுக்கு விசாரணை நடத்த நேரம் ஏது? காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். நிபந்தனையோடு சொன்ன கட்டளைதான். ஆனால் கோவலன் கையில் சிலம்பு இருக்கும் என்பது பொற்கொல்லனுக்குத் தெரியாதா?

அடுத்து வருவதுதான் இந்தக் காப்பியத்தின் மையம் என்பேன். பேராசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும். காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் கொல்லப்பட வேண்டியவன் போல் இல்லையே என்று சொல்லியும் விடுகிறார்கள். அந்த ஒரு கணம் கோவலன் பிழைத்துவிட்டான். உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு பாடம் எடுக்கத் தொடங்குகிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. பிறகு ஒரு கதை: பகலில் தூதன் வேடத்திலும் இரவில் பெண் வேடத்திலும் புகுந்து, தூங்கிய இளவரசன் மார்பிலிருந்து ஆரத்தைக் கழற்றிய கள்வனின் கதை.

உ.வே.சா. 1892இல் அச்சேற்றிய சிலப்பதிகாரத்தின் பிற்காலப் பதிப்பு ஒன்று அட்டை போன நிலையில் எங்கள் வீட்டில் கிடந்தது. பள்ளிநாளில் அதில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தத் திருட்டுச் சாத்திரப் பகுதியைத்தான். கானல்வரியெல்லாம் அப்போது யாருக்கு வேண்டும்? துப்பறியும் கதைகளை மறைத்து வைத்துப் படிக்கிற வயதில் அடியார்க்கு நல்லார் உரையோடு கள்வன் கதை கிடைத்தால் விடுவேனா! அந்தச் சுவாரசியத்தைத்தான் இளங்கோ குறிவைத்தார் என்று இப்போது நினைக்கிறேன். கள்வன் கதையில் நாம் லயித்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் கோவலனை மறந்துவிடுகிறோம். காவலரும் மறந்துவிட்டார்கள்.

கையில் வேலோடு நின்ற இளைய காவலன் ஒருவன் தன் பங்குக்கு ஆரம்பிக்கிறான். மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே ஒரு கள்வன் பிடுங்கிக்கொண்டு மறைந்த கதை அது. கள்வர் செயல் அறிய அரியது, அரசனோ நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று முடிக்கிறான். அவர்கள் பதில் சொல்லுமுன், கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

பொற்கொல்லன் வாளைத் தொடவில்லை. பாண்டியன் கோவலன் முகத்தைப் பார்த்ததே இல்லை. காவலர் முதலில் சொன்னது நியாயம். இவர்களில் யாருக்கு நீ ஃப்ளாஷ்பேக் வைப்பாய்?

இந்த இடத்தில் நீ ஊழ்வினை என்பாய். கட்டுரைக் காதையில் மதுரையின் தெய்வம் மதுராபதி சொல்வது நினைவிருக்கும்: முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்தில் பரதன், பண்டம் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனுக்குக் காட்டிக் கொல்வித்தவன். அதாவது கோவலனே ஒரு பிறவியில் பொற்கொல்லன் வேலையைச் செய்தவன். ஆனால் இது கோவலன் ஏன் செத்தான் என்பதற்கு விடை. பொற்கொல்லன் ஏன் செய்தான் என்பதற்கு விடை அல்ல. தேர்வுத்தாளில் இரண்டையும் குழப்பி எழுதினாலும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், நான் போடமாட்டேன்.

ஹன்னா அரெண்ட்டையும் இழுக்காதே. நாஜி அதிகாரி ஐக்மன் வழக்கைப் பற்றி 1963இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பில் உள்ள 'தீமையின் சாதாரணத்தன்மை' என்ற தொடரை, நூலைத் திறந்தே பார்க்காதவர்களும் மேடையில் உதிர்க்கிறார்கள். ஐக்மன் மேலிடத்துக் கட்டளையைச் சொல்லித் தப்பப் பார்த்தவன். பொற்கொல்லனோ கட்டளையையே உண்டாக்கியவன். அரெண்ட்டின் அளவுகோல் யாருக்காவது பொருந்துமென்றால் அந்த வேல்காரக் காவலனுக்குத்தான்.

இனி நீ கவனிக்காமல் கடந்துபோன இடம். நீர்ப்படைக் காதையில், கங்கைக்கரையில் சேரன் செங்குட்டுவன் பாண்டிநாட்டுச் செய்தி கேட்கிறான். மாடலன் என்ற மறையோன் சொல்கிறான்: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். அதன்பின் மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்று உரைபெறு கட்டுரை சேர்த்துச் சொல்கிறது. கோவலன் ஒருவனுக்கு ஒரு காதை. இவர்களுக்குச் சில அடிகள். திருடியவன் ஒருவன். அவன் செய்த தொழிலைச் செய்ததைத் தவிர இவர்கள் செய்த குற்றம் என்ன? காரணம் கேட்டாயே தம்பி, இந்தக் காப்பியத்திலேயே மிகச் சிறந்த காரணத்தோடு நடந்த கொலை இதுதான். பத்தினியின் சினம் தணிய வேண்டும், நாட்டில் மழை பெய்ய வேண்டும். கொன்றவனை யாரும் கெட்டவன் என்று சொல்லவில்லை. மாடலன் குரலிலும் நடுக்கமில்லை. இதை இளங்கோ ஒப்புக்கொண்டு சொல்கிறாரா, சும்மா பதிவு செய்கிறாரா என்று நானும் மல்லாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பொற்கொல்லனைப் பழித்துவிட்டு, செழியனைக் கண்டும் காணாமல் போகிற வாசிப்பு எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த கடிதத்தில் பொற்கொல்லனை விட்டுவிடு. அந்த வேல்காரக் காவலனைப் பற்றி எழுது: 'என்ன செய்யலாம் சொல்லுங்கள்' என்று கேட்டானே, அவனுக்கு நீ என்ன சொல்லியிருப்பாய்? இரண்டு பக்கம் போதும். ஊழ் என்ற சொல் எங்காவது தலைகாட்டினால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் ஐயா