வேலை ஓடவில்லையா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. குரூப்-2 தேர்வுக்கு வாங்கிய புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சை அடைக்கிறது. இப்படி நின்றுபோனவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரைகளில் பல, நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன.

நம்பிக்கை: அது வெறும் சோம்பேறித்தனம்.

உண்மை: சோம்பல் உறங்கவிடும். முடங்கிப்போனவரோ ராத்திரி படுத்தாலும் அந்த வேலையையே நினைத்துப் புரளுவார். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல், அவருடைய 23ஆவது வயதில், முதல் சிம்பொனி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேறியது. ஒத்திகை போதவில்லை, வாசிப்பு சொதப்பியது, விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். அதன்பின் ஏறக்குறைய 3 ஆண்டுகள் பெரிய படைப்பு எதையும் அவரால் எழுத முடியவில்லை. ஆனால் அதே காலத்தில் மாஸ்கோவில் ஒரு தனியார் ஓபராக் குழுவின் இசையை முன்னின்று நடத்தினார். ஒரு பருவம் முழுக்க உழைத்தார். சோம்பேறியால் ஆகிற காரியமா அது? அடி விழுந்த இடத்தில் மட்டும்தான் அவருக்குக் கை ஓடவில்லை.

வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டிமதி பிச்சில், ஃபூஷியா சிரோவா என்ற உளவியலாளர்களும் 2013இல் இதை ஒட்டியே எழுதினார்கள். நேரத்தைத் திட்டமிடத் தெரியாததைவிட, அந்த வேலை கிளப்பும் பயத்தையும் வெட்கத்தையும் சலிப்பையும் தாங்க முடியாததே பெரிய சிக்கல். தள்ளிப்போட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அதனால் ‘எப்போ உட்காரப்போறே?’ என்று கேட்காதீர்கள். ‘அதுல எதை நினைச்சா பயமா இருக்கு?’ என்று கேளுங்கள்.

நம்பிக்கை: உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டினால் வழிக்கு வருவார்கள்.

உண்மை: திட்டு ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போட்டது குறைவு. பெற்றோர்கள் இந்த ஒரு முடிவையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம்பிக்கை: மூட் வந்தால்தான் வேலை ஓடும்.

உண்மை: பெரும்பாலும் வேலையைத் தொட்ட பிறகுதான் மூட் வருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இதற்கென ஒரு முறை உண்டு. உற்சாகத்துக்காகக் காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களுக்கு நேரம் குறித்து அவற்றைச் செய்ய வைப்பார்கள். ‘இன்னிக்கு அத்தியாயத்தை முடிக்கணும்’ என்பது மலைக்க வைக்கும். ‘காபி குடிச்சதும் ஒரு பத்தி’ என்றால் கை போகும்.

நம்பிக்கை: எதையும் முதலிலிருந்து வரிசையாகத்தான் செய்ய வேண்டும்.

உண்மை: 1900இல் ராக்மனினாஃப் மீண்டும் எழுதத் தொடங்கிய இரண்டாவது பியானோ கான்செர்டோ என்ற இசைப்படைப்பில் முதலில் உருவானவை 2ஆம், 3ஆம் பகுதிகள். அந்த டிசம்பரிலேயே அவற்றை மட்டும் மேடையில் வாசித்தார். முதல் பகுதி அடுத்த ஆண்டுதான் வந்தது. முன்னுரை மிரட்டினால் விட்டுவிடுங்கள், மனதில் தெளிவாக இருக்கும் இடத்திலிருந்து எழுதுங்கள்.

நம்பிக்கை: 21 நாள் செய்தால் பழக்கம் படிந்துவிடும்.

உண்மை: லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. 22ஆம் நாளும் சிரமமாக இருந்தால் நீங்கள் தோற்றுவிடவில்லை.

நம்பிக்கை: இதுக்கெல்லாம் போய் டாக்டரா?

உண்மை: ராக்மனினாஃப் போனார். முதலில் நண்பர்கள் எழுத்தாளர் டால்ஸ்டாயிடம் அழைத்துப் போனது பயன்படவில்லை, இன்னும் சோர்ந்துதான் திரும்பினார். பிறகு நிக்கோலாய் டால் என்ற மருத்துவரிடம் சில மாதங்கள் சிகிச்சை பெற்றார். அந்த கான்செர்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். 2 வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ‘வேலை ஓடமாட்டேங்குது’ என்று தொடங்கினாலே போதும்.