அடி இறக்கத்துக்கு ஆபரேஷன்: டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் சின்ன அத்தை பதினோரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். மூட்டுவலி என்று நினைத்தோம். கொல்லைக் கொடியில் மடித்துக் காயப்போட்ட பழைய வேட்டித் துண்டுகளைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்: "அடி இறங்கிடுச்சுடி. இருமினா நனைஞ்சுபோகுது." முதலில் காட்டிய மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. "வயசாயிடுச்சும்மா, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." ஸ்கேன் பேப்பரைப் பார்த்ததோடு சரி, படுக்கவைத்துப் பரிசோதிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒன்றைப் புரிந்துகொண்டு கிளம்புங்கள். இடுப்பெலும்புக்குள் ஏணை கட்டியதுபோல் தசைகளும் தசைநார்களும் கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவம், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் தளர்வு, தீராத இருமல், மலச்சிக்கல், வருடக்கணக்காகத் தூக்கிய தண்ணீர்க்குடம் எல்லாம் அந்த ஏணையைத் தொய்ய வைக்கின்றன. அப்போது அந்த உறுப்புகள் கீழே இறங்குவதுதான் அடி இறக்கம். பழுது தாங்கலில்தான். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுத் தாங்கலை இழுத்துக் கட்டாமல் விட்டால், அந்த இடத்தில் மூத்திரப்பையோ குடலோ பிற்பாடு இறங்கி வரலாம். எனவே எந்த டாக்டரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "கர்ப்பப்பையை எடுத்த பிறகு பிறப்புறுப்போட மேல்பக்கத்தை எதோடு சேர்த்துக் கட்டுவீங்க?" விளக்கமாகப் பதில் சொல்பவரிடம் உட்கார்ந்து பேசலாம்.

போகும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது, எப்போது கசிந்தது, இருமும்போதா, அடக்க முடியாமல் ஓடும்போதா, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள். இருமும்போது கசிவது ஒன்று, அவசரமாக வந்து அடக்க முடியாமல் போவது வேறு. இரண்டாவதுக்கு முதலில் பழக்க மாற்றம், பயிற்சி, மாத்திரை என்றுதான் போவார்கள். கத்தி எடுக்க வேண்டிய கேஸ் எது என்பதைப் பிரித்துச் சொல்ல அந்த நோட்டு உதவும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? எங்கள் கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. லோக்கல் ரயிலில் ஏறினால் எழும்பூர். 1844-இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. பொத்தேரியிலும் கேளம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. மகளிர் மருத்துவமும் யூராலஜியும் பிசியோதெரபியும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் பெரிய மருத்துவமனையின் லாபம். பிரசவம் நன்றாகப் பார்க்கும் டாக்டர் எல்லோரும் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்வதில்லை. 'யூரோகைனகாலஜி' பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று ஓபியிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால், "வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்யறீங்க?" என்று டாக்டரிடமே கேட்பதில் தப்பில்லை. அத்தை சார்பில் நான் கேட்டபோது ஒரு டாக்டரம்மா கோபிக்கவே இல்லை. திரும்ப இறங்கி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது முக்கச் சொல்லி, இருமச் சொல்லி, தேவைப்பட்டால் நிற்கவைத்தும் பார்த்தால்தான் தெரியும். ஸ்கேன் அதற்குத் துணை மட்டுமே. இறங்கிய பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். சிலருக்கு இறக்கமே சிறுநீர்க் குழாயை மடக்கிக் கசிவை மறைத்திருக்கும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு புதிதாகக் கசியும்போது மனம் உடைந்துபோகும். முன்பே பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த அதிர்ச்சி இல்லை.

அடுத்து, வேறு வழிகளையும் சொல்கிறாரா என்று பாருங்கள். டாக்டர் அர்னால்ட் கீகல் 1948-இல் எழுதிய, அந்த ஏணைத் தசைகளை இறுக்கும் பயிற்சியை, தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க, விடாமல் மூன்று மாதம் செய்தால் லேசான இறக்கத்திலும் கசிவிலும் நல்ல பலன் தெரியும். பெசரி என்னும் சிலிக்கான் வளையத்தை உள்ளே பொருத்திப் பல வருடம் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும், டாக்டரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகள் இருக்கின்றன. அதில் ஒன்று பம்பாய் டாக்டர் ஷிரோட்கர் பெயரிலேயே வழங்குகிறது.

'மெஷ்' என்ற சொல் வந்தால் நிதானியுங்கள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைத்த செயற்கை வலை, பல நாடுகளில் பல பெண்களுக்குச் சதையை அரித்து வெளியே வந்தது. ஓயாத வலியையும் கொடுத்தது. பிரிட்டன் 2018 ஜூலையில் அதை நிறுத்திவைத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலையும் கசிவுக்கு வைக்கும் நாடாவும் வேறு. அமெரிக்க உத்தரவு அவற்றைத் தொடவில்லை. எனவே வலை வைப்பார்களா, எந்த வழியாக, பிரச்சினை வந்தால் யார் எடுப்பார்கள் என்று மூன்றையும் கேளுங்கள்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. உங்கள் ஆபரேஷன் அதில் வருமா என்று தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் இது அவசர ஆபரேஷன் இல்லை. "நாளைக்கே அட்மிட் ஆகுங்க" என்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அத்தை கடைசியில் வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டால், எத்தனை வாரம் குடம் தூக்கக் கூடாது என்பதை வீட்டு ஆண்களும் இருக்கும்போது டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த ஆபரேஷன், எதோடு சேர்த்துத் தைத்தார்கள், வலை வைத்தார்களா என்பது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள். வலை வைத்திருந்தால் அதன் பெட்டி ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.