விளக்கு மட்டும் எரிந்தது

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் ஜூன் மாதம் குளிரும் மழையும் நிறைந்த காலம். பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள ஆல்பனிக்கு, பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று சென்றிருந்தது. காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் கேரவன்தான் ஒரு வாரத்திற்கு அவர்களின் வீடு. கேரவன்கள் தங்கும் பூங்காவில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம் உண்டு. அப்பா வண்டியின் மின்வடத்தை அதில் செருகினார்.

அன்றிரவு வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். அக்கா நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கினாள். சற்று நேரத்தில் மூன்றும் ஒருசேர நின்றன. கூரை விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

"மின்சாரம் போய்விட்டது என்றால் விளக்கு எப்படி எரிகிறது?" என்று தம்பி கேட்டான்.

நல்ல கேள்வி. கேரவனில் இரண்டு தனித்தனி மின்னமைப்புகள் உள்ளன. ஒன்று, மின்கம்பத்திலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். வெப்பமூட்டி, கெட்டில், நுண்ணலை அடுப்பு ஆகியவை இதில் இயங்குகின்றன. மற்றொன்று, வண்டியில் உள்ள மின்கலம் தரும் 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம். விளக்குகளும் தண்ணீர்க் குழாயின் சிறு பம்பும் இதில் இயங்குகின்றன. ஆகவே, விளக்கு எரிவதைக் கொண்டு கம்பத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்று முடிவு செய்ய முடியாது. பலர் இதில் ஏமாந்து போகிறார்கள். கம்பத்து மின்சாரம் நின்றால் மின்கலத்திற்கு மின்னேற்றமும் நின்றுவிடும். ஓரிரு நாளில் விளக்குகளும் மங்கத் தொடங்கும். முழுமையாக மின்னேற்றம் பெற்ற ஈய அமில மின்கலம், எதற்கும் பயன்படுத்தாமல் இருக்கும்போது, ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். அது 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அக்கா காகிதத்தில் கணக்குப் போட்டாள். அந்தக் கேரவனின் மின்னிணைப்பு 15 ஆம்பியர் வரை தாங்கும். 230-ஐ 15-ஆல் பெருக்கினால் 3,450 வாட். வெப்பமூட்டிக்கு 2,000, கெட்டிலுக்கு 2,200, நுண்ணலை அடுப்புக்கு 1,200 என மொத்தம் 5,400 வாட்! மின்கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கும் முன் பாதுகாப்பு விசை விழுந்து மின்சுற்றைத் துண்டித்திருந்தது. அப்பா விசையை உயர்த்தினார். அதன்பின் ஒவ்வொரு கருவியாகப் பயன்படுத்தினார்கள்.

மறுநாள் காலையில் கெட்டிலை இயக்கியதும் மீண்டும் மின்சாரம் நின்றது. வேறு எந்தக் கருவியும் அப்போது ஓடவில்லை. அப்பா விசையை உயர்த்தினார். அது உடனே விழுந்தது. மூன்றாம் முறை அவர் கையை நீட்டியபோது அக்கா தடுத்தாள்.

"வேண்டாம் அப்பா. நேற்று விழுந்தது வேறு விசை. இது பக்கத்தில் இருப்பது."

அவள் காட்டியது மின்கசிவுத் துண்டிப்பான். சிங்கப்பூர் வீடுகளில் 'ஆர்சிசிபி' என்று அழைக்கப்படும் கருவிதான் அது. இங்கு எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளியே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது கண்காணிக்கிறது. 30 மில்லிஆம்பியர் அளவுக்கு வேறுபாடு ஏற்பட்டாலே நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கெட்டில் இழுக்கும் மின்னோட்டத்தில் இது ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும், இதைவிடச் சற்றுக் கூடுதலான மின்னோட்டம் மனித உடல் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துபோகலாம். வெளியே ஈரப் புல்தரையில் வெறுங்காலுடன் நின்ற தம்பியை அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கேரவனின் உடல் உலோகத்தால் ஆனது.

எல்லாக் கருவிகளையும் செருகுவாய்களிலிருந்து கழற்றினார்கள். இப்போது விசை உயர்ந்து நின்றது. கம்பிகளில் கசிவு இருந்திருந்தால் அப்போதும் விழுந்திருக்கும். அந்நிலையில் வண்டியின் மின்வடத்தைக் கம்பத்திலிருந்து கழற்றிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே முறை. பிறகு ஒவ்வொரு கருவியாகச் செருகி இயக்கினார்கள். வெப்பமூட்டி ஓடியது. நுண்ணலை அடுப்பும் ஓடியது. கெட்டிலைச் செருகி இயக்கியதும் விசை விழுந்தது.

"நேற்று மாலை வெளியே தேநீர் குடித்தோமே, கெட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டேன். இரவில்தான் உள்ளே கொண்டு வந்தேன்" என்றார் அம்மா. சாரல் அதன் அடிப்பாகத்தில் இறங்கியிருந்தது.

பக்கத்து வண்டிக்காரர் வந்து பார்த்தார். ஆஸ்திரேலியாவில் 15 ஆம்பியர் செருகியின் நிலத்தொடர்பு முனை அகலமானது. வீட்டிலுள்ள சாதாரண 10 ஆம்பியர் செருகுவாயில் அது நுழையாது. அந்த முனையை அரத்தால் தேய்த்து நுழைப்பவர்களையும், எரிந்துபோன உருகிக்குப் பதிலாக அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பவர்களையும் தாம் கண்டிருப்பதாக அவர் கூறினார். வண்டியைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றாலும் யாரையும் அதன் அருகே விட வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்பா கெட்டிலின் கம்பியைச் சுருட்டிக் கட்டி, 'பழுது, செருக வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளை அதன்மேல் ஒட்டினார். மீதி நாள்களுக்கு எரிவாயு அடுப்பில்தான் தேநீர்.